"தமிழ்ல எழுதுனா ஏன் எப்பவும் கிராமத்துலயே நடக்குது?" – அறிவியல் புனைகதை ரசிகர்களை ஈர்ப்பது எது?

மார்சிலிங்கில் ரயில் ஏறுகிறீர்கள். ஏறத்தாழ 40 நிமிடங்களில் நியூட்டன் வந்துவிடும். அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.

அந்த ஒரு நிலையப் பயணத்தில் முதல் பெட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஓட்டுநர் அறை இருக்காது. முன்கண்ணாடி வழியே சுரங்கப் பாதை தெரியும். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2003-இல் வடகிழக்குப் பாதை திறக்கப்பட்டபோது ஓட்டுநர் இல்லாத ரயில் நமக்கெல்லாம் அதிசயம். இப்போது பழகிவிட்டது.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் தேக்காவுக்குப் போகும்போது என் அக்கா மகனும் அந்தக் கண்ணாடி முன்னால்தான் நின்றான். மார்சிலிங்கில் வீடு, உயர்நிலை 2 படிக்கிறான். திடீரென்று திரும்பி ஒரு கேள்வி கேட்டான்.

"சித்தி, இங்கிலீஷ்ல கதை எழுதுனா ஸ்பேஸ்ல நடக்குது, ரோபோ வருது. தமிழ்ல எழுதுனா மட்டும் ஏன் எப்பவும் கிராமத்துலயே நடக்குது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று சமாளித்தேன்.

அவனுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இது. நீங்களும் எப்போதாவது அப்படி யோசித்திருந்தால், உங்களுக்கும்.

அறிவியல் புனைகதை என்றால் என்ன?

விண்கலம் வந்தால் அறிவியல் புனைகதை, மந்திரவாதி வந்தால் மாயக்கதை. பலரும் அப்படித்தான் பிரிக்கிறோம். அது முழுச் சரி இல்லை.

மாயக்கதையில் ஒன்று நடந்தால் அது ஏன் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும், அவ்வளவுதான். அறிவியல் புனைகதையில் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் இன்றைய அறிவியலுக்குள் அடங்காமல் இருக்கலாம். ஆனால் கதைக்குள் அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதியைக் கதை மீறவும் கூடாது.

இந்த வகையின் தொடக்கம் என்று பலரும் சொல்வது மேரி ஷெல்லி எழுதி 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை. அதில் ஓர் இளம் ஆய்வாளர் உயிர் ஒன்றை உருவாக்குகிறார். உருவாக்கியதைக் கண்டு பயந்து கைவிட்டுவிடுகிறார். கதையின் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 'உயிரை உருவாக்க முடியுமா' என்பதோடு நாவல் நிற்கவில்லை. 'உருவாக்கியவருக்குப் பொறுப்பு உண்டா' என்று கேட்கிறது.

'ரோபோ' என்ற சொல்லும் கதையிலிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அது முதலில் வந்தது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது ரோபோவை யாரும் செய்வதற்கு முன்பே, 'அதை அடிமையாக நடத்தலாமா?' என்ற கேள்வி மேடை ஏறிவிட்டது.

ரசிகர் கூட்டம் எப்படிப் பிறந்தது?

இன்று காமிக் விழாக்களுக்கு வேடமிட்டுப் போகும் கூட்டத்தைப் பார்க்கிறோம். அதன் வேர் ஒரு வாசகர் கடிதப் பக்கத்தில் இருக்கிறது.

1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த இதழ். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டார்கள். தன்னைப் போலவே யோசிக்கும் இன்னொருவர் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார் என்று வாசகர்களுக்குத் தெரிந்தது. ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். பிறகு சந்தித்தார்கள், மன்றம் வைத்தார்கள், சொந்தமாகச் சிற்றிதழ் அச்சடித்தார்கள்.

1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. இந்த வகையின் புகழ்பெற்ற ஹ்யூகோ விருது, அந்த இதழாசிரியரின் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கதை பிடித்ததால் மட்டும் அவர்கள் ரசிகர் ஆகவில்லை. கதையைப் பற்றிச் சண்டை போட ஆள் கிடைத்ததால் ரசிகர் ஆனார்கள்.

தமிழில் ஒரு ரோபோ நாய்

சரி, தமிழுக்கு வருவோம். அக்கா மகனிடம் நான் முதலில் சொன்ன பெயர் ஜீனோ.

1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதை வந்தது. எழுதியவர் சுஜாதா. இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அவருக்கும் பங்கு உண்டு.

கதை நடக்கும் ஆண்டு 2021. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். அரசாங்கத்தின் கண் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிள்ளை பெறுவதற்குக்கூட அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் அவள் கணவன் காணாமல் போகிறான். அவள் வாழ்க்கைக்குள் ஒரு ரோபோ நாய் வருகிறது. அதுதான் ஜீனோ. பேசும், புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும்.

முடிவைச் சொல்லமாட்டேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

கதை பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த பாகமும் வந்தது. படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழில்நுட்ப விவரங்கள் பலருக்கும் மறந்திருக்கும். ஜீனோவை மறந்திருக்கமாட்டார்கள். மனிதர்கள் எல்லாரும் இயந்திரம்போல் கட்டளைக்குக் கீழ்ப்படியும் நாட்டில், ஓர் இயந்திரம் மட்டும் 'ஏன்?' என்று கேட்டது.

கதையில் சொன்ன ஆண்டு வந்தபோது

இனி நம் ரயில் பாதைக்குத் திரும்புவோம். மார்சிலிங்கிலிருந்து நியூட்டன் போகும் வழியில் பீஷானும் தோ பாயோவும் வரும்.

2020 மே மாதம். கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் மஞ்சள் நிற ரோபோ நாய் ஒன்று நடந்து போனது. பெயர் 'ஸ்பாட்'. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் தயாரித்தது. பாதுகாப்பு இடைவெளி விடும்படி பதிவு செய்த குரலில் மக்களுக்கு நினைவூட்டியது. எத்தனை பேர் பூங்காவில் இருக்கிறார்கள் என்று மதிப்பிட அதில் கேமராவும் இருந்தது. காணொளி உலகம் முழுக்கப் பரவியது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் தோ பாயோ சென்ட்ரலில் 'சேவியர்' என்ற ரோபோக்கள் சோதனை முறையில் சுற்றி வந்தன. தடை செய்யப்பட்ட இடத்தில் புகைபிடிப்பது, சைக்கிளை ஒழுங்கில்லாமல் நிறுத்துவது போன்றவற்றைக் கண்டறிவது வேலை. அது எந்த ஆண்டு? 2021. சுஜாதா தம் கதைக்குத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டு!

'அப்போ அவர் சரியாகக் கணித்துவிட்டாரே' என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கணிப்பு என்று பார்த்தால் தவறியவை நிறைய. 2021-இல் இந்தியாவில் ஜீவா இல்லை. பூங்காவில் வந்த நாய் புத்தகம் படிக்கவில்லை. அதைத் தொலைவிலிருந்து இயக்க முடியும். அது சொன்னது முன்பே பதிவு செய்த அறிவிப்பு மட்டும்.

ஆனால் பூங்காவில் அந்த நாயைப் பார்த்தவர்கள் கேட்டதை நினைத்துப் பாருங்கள். இது உதவிக்கு வந்ததா, கண்காணிக்க வந்ததா? எடுத்த படம் எங்கே போகிறது? ஆட்களை அடையாளம் காணாது, தனிப்பட்ட தகவலைச் சேகரிக்காது என்று அதிகாரிகள் விளக்கம் தர வேண்டியிருந்தது.

ஜீனோவை முன்பே படித்திருந்த ஒருவருக்கு அந்தக் கேள்விகள் புதிதாக இருந்திருக்காது. அவர் அவற்றை 30 ஆண்டுக்கும் முன்னால், விகடனைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பழகியவர்.

அறிவியல் புனைகதையின் பயன் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். என்ன வரப்போகிறது என்று அது சரியாகச் சொல்லாது. வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று பழக்கிவைக்கும்.

அப்படியென்றால் ரசிகர்களை ஈர்ப்பது எது?

ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. ஆனால் ரசிகர்களோடு பேசினால் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, வியப்பு. 'அட!' என்று வாய் பிளக்கும் அந்த நொடி. அந்த ஆசை தமிழ் ரசிகர்களுக்குப் புதிது இல்லை. 1963-லேயே எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து பாடகி ஒருவரைக் கடத்திப் போவார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் கிரகத்தில் அறிவியல் வளர்ந்திருக்கிறது, இசையும் நடனமும் வளரவில்லை! இன்று பார்த்தால் விண்வெளிக் காட்சிகள் சிரிப்பை வரவழைக்கலாம். யோசனை இன்னும் புதிதாகவே இருக்கிறது.

இரண்டாவது, விதியோடு விளையாட்டு. 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நண்பர்கள் கையில் கால இயந்திரம் கிடைக்கிறது. உலகத்தைக் காப்பாற்றவா கிளம்புகிறார்கள்? தொலைந்துபோன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கிறார்கள். நம்மில் நிறைய பேர் அதைத்தான் செய்திருப்போம்! பிறகு கடந்த காலத்தில் ஒரு சின்ன மாற்றம் நடந்து, நிகழ்காலம் தலைகீழாகிறது. 'இதை மாற்றினால் அது எப்படி இருக்கும்?' என்று படம் முடிந்த பிறகும் உணவங்காடியில் உட்கார்ந்து வாதாட வைக்கும் படம். அடுத்த ஆண்டு சூர்யா நடித்த '24' வந்தபோதும் அதே வாதம்தான். அங்கே கால இயந்திரம் ஒரு கைக்கடிகாரம்.

ரசிகர் 'லாஜிக் இடிக்குதே' என்று சொன்னால் குறை சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

மூன்றாவது, இன்றைய வலியைத் தள்ளி வைத்துப் பேசும் வசதி. எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் 'கால இயந்திரம்' எழுதியபோது கதாநாயகன் பல லட்சம் ஆண்டு முன்னால் போகிறார். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே சொகுசாக வாழும் கூட்டம், நிலத்துக்குக் கீழே இயந்திரங்களோடு வாழும் கூட்டம். வெல்ஸ் பேசியது அன்றைய இங்கிலாந்தின் முதலாளி, தொழிலாளி பற்றித்தான். எதிர்காலம் என்று சொன்னதால் எல்லாரும் படித்தார்கள்.

நம் பக்கத்து உதாரணம் 2010-இல் வந்த 'எந்திரன்'. சுஜாதா 2008-இல் காலமானார். வசனத்தில் அவர் பங்கோடு அதன் பிறகு வெளிவந்த படம். அதில் ஒரு காட்சி. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி என்ற ரோபோ ஒவ்வொருவராகக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. வெளியே கூட்டம், தொலைக்காட்சி கேமராக்கள். உயிரைக் காப்பாற்றிய ரோபோவுக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, சாலையில் அடிபட்டு இறந்துபோகிறாள்.

ஐசக் அசிமோவ் 1942-இல் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கு 3 விதிகள் வகுத்தார். முதல் விதி, மனிதருக்குத் தீங்கு நேர விடக்கூடாது. சிட்டி தீயிலிருந்து காப்பாற்றியது. ஆனால் தீங்கு என்பது உடலில் மட்டும்தானா? அந்தக் காட்சியைப் பார்த்த எவருக்கும், 'கணினிக்கு நம்முடைய நல்லது கெட்டதை யார் சொல்லித் தருவது?' என்ற கேள்வி புரியும். இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி நிபுணர்கள் பேசும் அதே கேள்வி. ரஜினி படம் பார்த்த பாட்டிக்கும் புரிந்த கேள்வி.

நான்காவது, துணை. பள்ளியில் யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு இன்னொரு ரசிகர் கிடைத்தால் போதும். இதை அழகாகச் சொன்ன கதை ஒன்று சிங்கப்பூரரின் கையிலிருந்தே வந்திருக்கிறது. வினா ஜி-மின் பிரசாத் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபேண்டம் ஃபார் ரோபோட்ஸ்', 2017-இல் வெளிவந்தது. அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட பழைய ரோபோ ஒன்று, ஓர் அனிமே தொடருக்கு ரசிகராகிவிடுகிறது. இணையத்தில் மற்ற ரசிகர்களோடு சேர்ந்து கதை எழுதத் தொடங்குகிறது. ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்ற கதை அது.

உணர்ச்சி இல்லை என்று சொல்லப்படும் ரோபோவுக்குக்கூட ரசிகர் கூட்டம் வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாமா?

சிங்கப்பூர் – எதிர்காலத்தின் படப்பிடிப்புத் தளமா?

வெளிநாட்டவர் எதிர்கால நகரத்தைத் தேடும்போது நம் ஊருக்கு வருகிறார்கள். 2020-இல் வெளியான 'வெஸ்ட்வோர்ல்ட்' தொடரின் மூன்றாம் பாகத்தில் வரும் எதிர்கால நகரக் காட்சிகள் பல இங்கே எடுக்கப்பட்டவை. ஃபியூஷனோபோலிஸ் வட்டாரத்தில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு 2014-இல் திறக்கப்பட்ட கட்டடத்தின் பெயரே 'சேண்ட்கிராலர்'. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பாலைவனத்தில் ஊர்ந்து போகும் வாகனத்தின் பெயர் அது. நிறுவனம் தன் சிங்கப்பூர்ச் செயல்பாட்டை மூடப்போவதாக 2023-இல் அறிவித்தது. கட்டடம் அங்கேயே நிற்கிறது.

நாம் தினமும் நடக்கும் இடம் அடுத்தவர்களுக்கு எதிர்காலமாகத் தெரிகிறது. நமக்கு அது வேலைக்குப் போகும் வழி. இங்கே வாழும் நாம் அதை வைத்து, அதுவும் தமிழில், கதை சொல்கிறோமா?

தமிழுக்கு இதில் என்ன வேலை?

அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றோர் 5 வயதும் அதற்கு மேற்பட்டதுமான சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 விழுக்காடு. அதே 10 ஆண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் வேலை, பள்ளி, குடும்பம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எண்ணில் வராத ஒன்றும் உண்டு. ஒரு மொழியில் பாட்டியின் கதை, பண்டிகை, பழைய மன்னர்கள் மட்டும் இருந்தால், பிள்ளைகள் அதை அன்போடு அலமாரியில் வைத்துவிடுவார்கள். பட்டு வேட்டி மாதிரி. ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து உடுத்திக்கொள்வார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று யோசிக்க வேறு மொழிக்குப் போய்விடுவார்கள்.

'தமிழில் அறிவியல் சொல் இல்லையே' என்று சிலர் சொல்வார்கள். சொல்லுக்காகச் சுஜாதா காத்திருக்கவில்லை. இருந்த தமிழ்ச் சொல்லை எடுத்தார், இல்லாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். வாசகர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

கதாசிரியர் எதிர்காலத்தைக் கதையில் எழுதுவதோடு நிற்கவில்லை என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒருவர் இருந்தார். பெயர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1990-களில் இணையம் எட்டிப் பார்த்தபோது, 'தமிழ் எழுத்து திரையில் தெரியுமா?' என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் அதற்கான மென்பொருளில் இறங்கினார். அதன் பெயர் 'கணியன்'. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளம் தொடங்கப்பட்டபோது அதில் தமிழும் ஏறியது. 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. அவர் 1999-இல் காலமானார்.

இன்று நீங்கள் கைத்தொலைபேசியில் 'சாப்டாச்சா?' என்று தமிழில் தட்டி அனுப்புகிறீர்கள். அது 1990-இல் பலருக்கு அறிவியல் புனைகதை.

அந்த வழி அறுந்துபோகவும் இல்லை. அறிவியல் புனைவுக்கும் கனவுருப் புனைவுக்கும் இடம் தரும் 'அரூ' மின்னிதழ் 2018-இல் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் சிங்கப்பூர்வாசிகளும் உண்டு. அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தினார்கள். தமிழில் எழுத ஆள் இருக்கிறார்கள். படிக்கவும் சண்டை போடவும் இன்னும் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம்?

தமிழ்ப் புத்தகம் படித்து நாளாகிவிட்டதா? பரவாயில்லை.

- சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. வாக்கியங்கள் சின்னவை, வேகமானவை. தொடர்கதையாக வந்ததால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததைத் தேட வைக்கும். பேச்சுத் தமிழ் தெரிந்தால் போதும், உள்ளே போய்விடலாம்.

- ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைத் தொகுப்பு. இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது. நம் மரபில் உள்ள மருத்துவம், தத்துவம் போன்றவற்றிலிருந்து அறிவியல் கதை செய்ய முடியுமா என்று முயன்ற நூல்.

- படம் பார்த்துத் தொடங்க விரும்பினால் 'இன்று நேற்று நாளை'. அதே இயக்குநர் ஆர். ரவிகுமாரின் 'அயலான்' 2024 பொங்கலுக்கு வந்தது. சிவகார்த்திகேயனோடு வேற்றுக்கிரகவாசி ஒருவர் நடமாடும் படம். தம்பி தங்கையோடு பார்க்கலாம்.

புத்தகம் வேண்டுவோர் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் எழுத்தாளர் பெயரைத் தமிழில் தட்டித் தேடுங்கள். மார்சிலிங்கில் இருப்பவர்களுக்கு உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் ஒரே ஒரு நிலையம் தள்ளி. வேறு கிளையில் உள்ள புத்தகத்தையும் முன்பதிவு செய்து அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

எழுத ஆசையா? ஒரு கேள்வி போதும்

அறிவியல் புனைகதை எழுத இயற்பியல் பட்டம் தேவை இல்லை. 'அப்படி நடந்தால்?' என்ற ஒரு கேள்வி வேண்டும். அதைக் கேட்க மார்சிலிங்கைவிட வசதியான இடம் குறைவு.

ஒன்று: ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் சேவையை 2026 இறுதிக்குள் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். 5 நிமிடத்தில் எல்லை தாண்டலாம். ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் பள்ளி என்று வாழும் ஒரு பிள்ளையின் தமிழ் 2060-இல் எப்படி இருக்கும்? எந்த ஊர்த் தமிழ்?

இரண்டு: 2100-க்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள சராசரிக் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது 2024-இல் வெளியான பருவநிலை ஆய்வின் முன்னுரைப்பு. மார்சிலிங் இருப்பது ஜொகூர் நீரிணையின் ஓரத்தில். அப்போது 10-வது மாடியில் இருக்கும் உங்கள் பேத்தி சன்னல் வழியே என்ன பார்ப்பாள்?

மூன்று: மார்சிலிங் ரைஸில் இருக்கும் சிவகிருஷ்ணா ஆலயத்துக்கு ஒரு ரோபோ வந்து வரிசையில் நிற்கிறது. பெயர், நட்சத்திரம் கேட்கிறார் அர்ச்சகர். ரோபோ என்ன சொல்லும்?

மூன்றாவது கேள்வி என்னுடையது இல்லை. தேக்காவிலிருந்து திரும்பும் வழியில் அக்கா மகன் கேட்டது. "சித்தி, அதுக்கு ராசி உண்டா? தயாரிச்ச தேதியை வச்சுப் பாக்கலாமா?" என்று உட்லண்ட்ஸ் வரும் வரை நச்சரித்தான். நானும் விடவில்லை. தயாரித்த தேதியா, முதன்முதலில் இயக்கிய தேதியா என்று இரண்டு பேரும் வாதாடினோம். அடுத்த நிலையம் மார்சிலிங் என்று அறிவிப்பு வந்தபோதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கதையை அவன் இன்னும் எழுதி முடிக்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான். எழுத்துப்பிழை நாலு இருக்கிறது.

ஆனால் கதை கிராமத்தில் நடக்கவில்லை. மார்சிலிங்கில் நடக்கிறது.